இருபத்து மூன்றாவது லோடு

நஸீபா அக்கா மூன்றாவது மணி அடிக்கும் வரை போனை எடுக்க மாட்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். யார், எதற்கு, என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அதற்குள் ஒரு பட்டியல் போட்டிருப்பாள். பெரும்பாலும் பட்டியலில் உள்ள எதுவும் நடந்திருக்காது. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு வந்த போன் பட்டியலிலேயே இல்லாதது.

பேசியது பாண்டிசெல்வி. சத்திரப்பட்டி சாலையில் காஸ் என்கிற கட்டுத்துணி செய்யும் ஒரு யூனிட்டில் ஆட்டோகிளேவ் ஓட்டுகிறவள். ஆபரேஷன் காயத்தின் மேல் வைக்கும் துணியை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பெரிய இரும்பு உருளை அது.

"யக்கா, ஒரு வேடிக்கை கேளுங்க. கரண்டு போயி பாய்லரு நின்னுபோச்சு. பாதி லோடுல கதவத் தொறந்துட்டோம். பேட்டரியில ஓடுத ஒங்க மெஷினு 'தேறியது'ன்னு சீட்டு அடிச்சிக் குடுக்கு. பரீட்ச எழுதாமலே பாசு!"

அவள் சிரித்தது எனக்கும் கேட்டது. நான் எதிர் மேஜையில் ஒரு போர்டில் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"டிகிரி எம்புட்டு காட்டிச்சு?"

"தொண்ணூத்தி ஆறு."

"சீட்டக் கிழிச்சிராத. அந்த லோட யாரையும் தொட விடாத. இந்தா வாரேன்."

எழுந்தவள் கைப்பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "மாரீஸ், நீயும் வா" என்றாள்.

நாங்கள் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் ஜபருல்லா பாயின் கடை. மில் இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கிற இடம். மில்காரர்கள் பழைய வெளிநாட்டு மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது, உள்ளே இருந்த பச்சைப் போர்டுகளை பாய் எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். உள்ளங்கை அகலம். அதில் இருக்கிற சிப்பை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை. ஆனால் பஞ்சுத் தூசிக்கும் வெக்கைக்கும் அசராத சாமான். அவற்றுக்கு வேறு வேலை கற்றுக்கொடுப்பதுதான் அக்காவின் வேலை. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்து, நூல் அறுந்தால் மணி அடி என்று ஒவ்வொன்றுக்கும் நிரல் எழுதுவாள்.

அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அபுபக்கர் அங்கே பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். கோயம்புத்தூரில் மூன்று வருடம் கம்பெனி வேலை பார்த்தவள், அவருக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்ததும் விட்டுவிட்டு வந்துவிட்டாள். எட்டு மாதம் தினமும் அந்தப் புண்ணுக்குத் தானே துணி மாற்றினாள். பெருவிரலோடு போயிற்று, கால் தப்பித்தது. வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்து, திரும்பிப் போய் இன்னொரு முறை இழுப்பவள் அவள். அதனால்தான் அவள் முடித்துக் கொடுத்த எதையும் பாய் மறுபடி பார்ப்பதில்லை. "அவளே பாத்துட்டா பொறவு நாம என்னத்தப் பாக்க?" என்பார்.

பாண்டிசெல்வியின் யூனிட்டுக்காக, அப்படி ஒரு போர்டை வைத்து ஆட்டோகிளேவ் சூட்டைக் கவனிக்கும் மெஷினைச் செய்ததும் அப்படித்தான். இருபது நிமிடம் நூற்று இருபத்தொரு டிகிரிக்குக் குறையாமல் சூடு நின்றால் 'தேறியது'. ஒரு தரம் குறைந்தாலும் 'தேறவில்லை'. பத்து வினாடிக்கு ஒருமுறை சூட்டை நினைவகத்தில் எழுதி, முடிவில் அம்புட்டையும் திருப்பிப் படித்து, ஒரு துண்டுச் சீட்டு அடிக்க வேண்டும். வேண்டுமென்றே மூன்று தடவை நீராவியைப் பாதியில் அடைத்தாள். மூன்று தடவையும் 'தேறவில்லை' என்று சரியாக வந்தது.

ஒப்படைக்கும் நாளில்தான் யூனிட் சூப்பர்வைசர் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் சரிம்மா. சீட்டுல ஒரு பிள்ளையார் சுழி இல்லையே. வெறுஞ்சீட்டா இருக்கு. ஆசுபத்திரிக்குப் போற சாமான் பாரு."

"அம்புட்டுத்தானே அண்ணாச்சி, போட்டுருவோம். எங்க அத்தா பில்லு புக்குல 786 போடாம ஒரு வாளி விக்க மாட்டாக."

"அதச் சொல்லு! ஆனா எதுக்கும் முந்தி அதுதான் இருக்கணும். கணக்குப் பாக்க ஆரம்பிக்கும் முன்ன அது விழுந்துரணும்."

அக்கா அவர் சொன்னபடியே, எதற்கும் முந்தி அதை வைத்தாள். லேப்டாப்பில் ஓட்டினாள், பிரிண்டரில் உ சரியாக விழுந்தது. போர்டில் ஏற்றி ஒரு நல்ல லோடு ஓட்டினாள். 'தேறியது' என்று வந்தது, சீட்டில் அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்தாள். மணி ஏழாகிவிட்டது, வழக்கமாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீராவியை அடைத்துப் பார்ப்பதை மட்டும் அன்றைக்கு மறுபடி செய்யவில்லை. அவள் வாழ்க்கையில் இரண்டாம் முறை இழுத்துப் பார்க்காத பூட்டு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் யூனிட்டுக்குப் போனபோது அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். ஆட்டோகிளேவ் பக்கத்துச் சுவரில், கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளை அக்கா உருவினாள். முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் நீல மையில் உ.

"அண்ணாச்சி, இத யாரு பேனாவுல எழுதினது?"

"நாந்தான். மெஷினுல விழலம்மா. அந்த எடம் வெறுமனே வரும். பிரிண்டருக்கு இந்தச் சுழி வராது போல, அத ஒரு குறையா ஒங்கிட்ட சொல்லுவானேன்னு நானே போட்டுக்கிட்டேன்."

"எப்பயிருந்து விழல?"

"முதல் நாளுல இருந்தே."

பத்து நாளுக்கு முன் ஒரு ஒயர் மாற்ற வந்தபோது, அண்ணாச்சி பேனாவால் சுழி போடுவதை நான் பார்த்தேன். அக்கா லேப்டாப்பில் ஓட்டிய அன்று அதே பிரிண்டர் உ அடித்ததையும் பார்த்திருந்தேன். அக்காவிடம் சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அது வாய் திறந்து சொல்லும் அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஒவ்வொரு லோடின் சூடுகளும் பதிவாகும் மெமரி கார்டை அக்கா போர்டிலிருந்து எடுத்து லேப்டாப்பில் செருகினாள். அன்றைய லோடின் சூடுகள் வரிசையாக வந்தன. எதைப் பார்த்தாலும் லட்சக் கணக்கில் இருந்தது. 96 டிகிரியை 960 என்று பத்தால் பெருக்கி வைப்பது அவள் வழக்கம். திரையில் இருந்ததோ 245760. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, 256 ஆல் வகுத்தாள். 960 வந்தது. பேனாவைக் கீழே வைத்தவள், துப்பட்டா நுனியை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

பிறகு அவள் எனக்குச் சொன்னதை, நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். நினைவகம் என்பது 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய அறைகளின் நீண்ட வரிசை. ஒரு சூட்டை வைக்க நான்கு அறை வேண்டும். யாருக்கு எத்தனை அறை என்று கேட்கக் கேட்க அடுத்தடுத்து ஒதுக்கிக் கொடுக்கும் சிறு நிரலை அக்காவே எழுதியிருந்தாள். முதலில் கேட்டது பிள்ளையார் சுழி. அந்த எழுத்துக்கு மூன்று அறை. ஆகவே சூடுகளின் வரிசை மூன்றாம் எண் அறையில் தொடங்கியது. லேப்டாப்புக்கு எந்த அறையில் தொடங்கினாலும் ஒன்றுதான். இந்தப் பழைய சிப் 0, 4, 8 என்று நான்கால் வகுபடும் இடத்தில் மட்டுமே நின்று எடுக்கும். மூன்றில் தொடங்கு என்றால் முடியாது என்று சொல்லாது. நின்றுபோனாலாவது நாம் பார்ப்போம், அதுவும் செய்யாது. பேசாமல் பூஜ்ஜியத்துக்குப் போய், அங்கே இருந்த சுழியின் மேலேயே சூட்டை எழுதிவிடும். திருப்பிக் கேட்டால் நான்கு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுக்கும். 256 மடங்காகி வரும். எந்தச் சூடானாலும் ஆயிரக்கணக்கான டிகிரி. ஆயிரக்கணக்கான டிகிரி எப்போதும் நூற்று இருபத்தொன்றை விட அதிகம். எனவே எல்லா லோடும் தேறியது.

"ஒரு அறையச் சும்மா விட்டிருந்தாப் போதும் மாரீஸ்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. 786 போட்டிருந்தாலும் இதே கதிதான், அதுவும் மூணு எழுத்து."

"எத்தன லோடுக்கா?"

"பதினெட்டு நாளு. இன்னைக்கு லோடு போக நாப்பத்தொண்ணு."

முன்பெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாண்டிசெல்வி நோட்டில் சூட்டை எழுதுவாளாம். சீட்டு அடிக்கும் மெஷின் வந்தபிறகு நோட்டு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி வெங்கடேஸ்வரியம்மா மேலே அறையில் இருந்து இறங்கி வந்தார். பாயும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அக்கா ஒவ்வொரு லோடாகத் திறந்து, 256 ஆல் வகுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். யாரும் உட்காரவில்லை. இருபத்திரண்டு வரை சரி. இருபத்து மூன்றில் அவள் விரல் நின்றது. ஒன்பது நிமிடம் நூற்று இருபத்தொன்றில் நின்ற சூடு, நூற்றுப் பதினாறுக்கு இறங்கி, ஏழு நிமிடம் கழித்துத்தான் மேலே ஏறியிருந்தது. மிச்சப் பதினெட்டையும் பார்த்தாள். அவை சரி. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"அன்னைக்குத்தான் பாய்லருக்கு விறகு கொண்டாந்த லாரி நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு" என்றாள் பாண்டிசெல்வி. அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "புகை மூட்டமா இருந்துச்சுக்கா. சீட்டு தேறிருச்சுன்னு நானும் விட்டுட்டேன்."

"டேப் கறுத்திருக்கே?" என்றார் வெங்கடேஸ்வரியம்மா. பெட்டிக்குள் ஒட்டும், சூட்டில் கோடு கறுக்கும் டேப்பைச் சொன்னார்.

"நீராவி பட்டாலே கறுத்துரும்மா" என்றாள் அக்கா. "எம்புட்டு நேரம் பட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"தேவுடா" என்றபடி அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த லோடு ஆறு பெட்டி. ஐந்து குடோனில் அப்படியே இருந்தன. ஒன்று ஆறு நாளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

பாய் எங்கள் பக்கம் திரும்பினார். "இதப் பெருசாக்க வேணாம். நல்ல பெட்டி ஒண்ணக் கொண்டுபோயி, லேபிள் மாறிப்போச்சுன்னு சொல்லி அத வாங்கிட்டு வந்துருங்க. பிரிக்காம இருந்தா முடிஞ்சுபோச்சு."

"பிரிச்சிருந்தா?" என்றார் அண்ணாச்சி.

"நல்லதப் பேசுமய்யா."

அக்கா தலையாட்டினாள். அவளும் தலையாட்டினாள் என்பதை எழுதத்தான் வேண்டும்.

பஸ்ஸில் புதுப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத் தடுப்பை இறக்கிவிட்டதால் உள்ளே ஒரே புழுக்கம்.

"பிரிச்சிருக்க மாட்டாங்கள்ல மாரீஸ்?"

"மாட்டாங்கக்கா. ஸ்டாக்குல கெடக்கும்."

பஸ் கிருஷ்ணன்கோயில் வரை போகாது என்றதற்கு ஒருவர் கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "ஒரு பெட்டியில இருபது பாக்கெட்" என்றாள். பிறகு, "பிரிச்சிருக்க மாட்டாங்கள்ல?" நான் மறுபடியும் மாட்டாங்க என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் லேசாகிக்கொண்டே போயிற்று.

ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் பிரிஸ்கில்லா சிஸ்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அக்கா லேபிள் கதையைச் சொன்னாள். பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை அப்படியே ஒப்பித்தாள்.

சிஸ்டர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பெட்டியை இழுத்தார். மேல் டேப் கிழிந்திருந்தது.

அக்கா குனிந்து எண்ணினாள். பதினெட்டு. இன்னொரு முறை எண்ணினாள்.

"ரெண்டு எடுத்திருக்கோம். அதுக்கென்ன?" என்றார் சிஸ்டர். "லேபிள்தானம்மா மாறிருக்கு? உள்ள அதே துணிதான? ரெண்டு பாக்கெட்டக் கழிச்சிக்கிட்டு இந்தப் புதுப்பெட்டிய வச்சிட்டுப் போங்க. இதுக்காகவா மழையில வந்தீங்க? பாவம், ஒரு டீயாச்சும் குடிக்கிறீங்களா?"

புதுப்பெட்டியை வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு நாங்கள் போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கவும் செய்தேன்.

"சிஸ்டர், லேபிள் மாறல" என்றாள் அக்கா.

சிஸ்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் துணி முழுசா வேகல. வெந்துருச்சுன்னு மெஷின் தப்பாச் சீட்டுக் குடுத்துருச்சு. அதுக்கு நிரல் எழுதினது நான். அந்த ரெண்டு பாக்கெட்டும் யாருக்கு வச்சதுன்னு பாக்கணும். இப்பவே பாக்கணும்."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்னா?" சிஸ்டரின் குரல் உயர்ந்தது. வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "லேபிளாம்ல, லேபிளு! மனுச உசுருல வெளாடுறீங்களா?"

அக்கா தலையைக் குனியவில்லை. ரிஜிஸ்டரின் பக்கங்கள் புரள்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பாக்கெட் ஆபரேஷன் தியேட்டரில் கீழே விழுந்து, தள்ளுவண்டி துடைக்கப் போயிருந்தது. இன்னொன்று நான்கு நாளுக்கு முன் சிசேரியன் ஆன ஒரு பெண்ணின் தையல் மேல் வைக்கப்பட்டிருந்தது. பெயர் சிவரஞ்சனி. ஊர் கான்சாபுரம். காலையில்தான் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தாள்.

டாக்டருக்குச் சொல்லி, அவர் போன் போட்டு, அவளைத் திரும்ப வரச் சொன்னார்கள். மழையில் ஆட்டோ கிடைத்து வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. அந்த இரண்டரை மணி நேரமும் அக்கா வராந்தா பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எழுந்தாள். ஒருமுறை பாய் கூப்பிட்டார். "சொல்லிட்டேன் அண்ணே" என்றாள். அவர் என்ன சொன்னாரோ, "சரி அண்ணே" என்று வைத்துவிட்டாள்.

சிவரஞ்சனிக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், துண்டில் சுற்றிய பிள்ளையோடு குனிந்து வந்தார். உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். சிவப்பில்லை, வீக்கமில்லை, காய்ச்சலும் இல்லை என்றார் டாக்டர். துணியை மாற்றி மாத்திரை கொடுத்தார். "இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா தையல் பிரிக்கிற வரைக்கும் பாக்கணும். சீழ் வைக்கிறதுன்னா இனிமேதான் தெரியும்."

சிஸ்டர் விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்த சிவரஞ்சனி எங்கள் எதிரில் நின்றாள்.

"நீங்கதானா அது?"

"ஆமா" என்றாள் அக்கா.

"பெரிய படிப்புப் படிச்சவுகளாம். துணி சுத்தமா இல்லையான்னு பாக்க ஒரு மெஷினு, அந்த மெஷினு சரியா இல்லையான்னு பாக்க ஆளு கெடையாதா?"

"நான்தான் பாத்திருக்கணும். பாக்கல."

"நான் பிள்ளைக்குப் பால் குடுக்கேன். எனக்கு ஒண்ணுன்னா அத யாரு பாப்பா? நீங்க வந்து பாப்பீகளா?"

அவள் வீட்டுக்காரர், "ஏட்டி, விடு, போவோம்" என்றார்.

"என்னத்த விட? மாமா, நீங்க சும்மா இருங்க." பிறகு அக்காவிடம் கையை நீட்டினாள். "ஒங்க நம்பரக் குடுங்க. எனக்கு எப்ப பயமா இருந்தாலும் ஒங்களுக்குத்தான் போன் போடுவேன். எடுக்கணும்."

அக்கா நம்பரைச் சொன்னாள். சிவரஞ்சனி அங்கேயே அழுத்திப் பார்த்தாள். அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்ததும்தான் போனாள்.

மறுநாள் அக்கா சுழிக்குப் பின்னால் ஓர் அறையைச் சும்மா விட்டு, நீராவியை ஏழு முறை பாதியில் அடைத்துப் பார்த்தாள், ஏழு முறையும் 'தேறவில்லை' என்று வந்தது. கடையில் இருந்து வெளியே போன மற்றப் போர்டுகளின் நிரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். வெங்கடேஸ்வரியம்மா அந்த நாற்பத்தொரு லோடுகளிலிருந்து வாங்கிய எல்லோருக்கும் தானே போன் போட்டார். சிலர் திட்டினார்கள், இருவர் இனி வாங்க மாட்டோம் என்றார்கள். நானும் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அந்த நீலப் பேனா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாரீஸ்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிவரஞ்சனியின் போன் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் தையல் அரிக்கிறது என்றாள். ஒருநாள் உடம்பு கதகதவென்று இருக்கிறது என்றாள், அது போர்வையால். ஒருநாள் எதுவும் சொல்லாமல், "எடுக்கீகளான்னு பாத்தேன்" என்று வைத்துவிட்டாள். அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். பட்டியல் போட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

தையல் பிரிக்கும் நாள் திங்கட்கிழமை. காலையில் போன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள், போனைப் பார்ப்பாள், வைப்பாள். பாய் இரண்டு தடவை ஏதோ கேட்டார், இரண்டு தடவையும் தப்பான போர்டை எடுத்துக் கொடுத்தாள். மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள். நீண்ட நேரம் அடித்தது எனக்கும் கேட்டது.

"ம்" என்றாள் சிவரஞ்சனி. பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"நஸீபா பேசுதேன். தையல்..."

"காலையிலயே பிரிச்சாச்சு. காஞ்சிருச்சுன்னாக. நல்லா இருக்கேன்."

"டாக்டர் வேற எதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டிருப்பாள், அழுகை கிட்டத்தில் கேட்டது. "இனிமே நீங்க கூப்பிட வேணாம்க்கா. ஒங்க குரலக் கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

"சரி" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.